எரிந்தது உங்கள் வீடு, குடியிருந்தது வேறொருவர்

கலிஃபோர்னியாவில் வீடு வாங்கி, நாலைந்து வருஷம் இருந்துவிட்டு, வேலை மாறி டெக்சஸுக்கோ நியூஜெர்சிக்கோ போய், விற்க மனசு வராமல் வாடகைக்கு விட்டிருக்கிற நம்மவர்கள் நிறையப் பேர். ஊருக்கே திரும்பிவிட்டு, சென்னையில் இருந்துகொண்டு அங்கிருந்து வாடகை வாங்குகிறவர்களும் உண்டு. இந்தப் பதிவு அவர்களுக்கு. அந்த வீடு காட்டுத்தீயில் போய்விட்டால் சட்டப்படி எந்த வழி திறந்திருக்கிறது, எது அடைத்திருக்கிறது என்று எழுதப் பார்க்கிறேன். 2025 ஜனவரி 7 அன்று தொடங்கிய ஈட்டன் தீயில் லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய ஆல்டடீனா பக்கம் 9,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. என் மனைவியின் தம்பி வீடும் அதில் ஒன்று. அவன் இருப்பது டல்லாஸில். அவனுக்காகப் படித்ததும் வக்கீல்களிடம் போனில் கேட்டதும்தான் இங்கே இருப்பது. நான் வக்கீல் இல்லை, உங்கள் விஷயத்தில் உங்கள் வக்கீல் சொல்வதே கணக்கு.

தீ முடிந்த பிறகு நீங்கள் எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் வரும் கேள்வி, "நீங்கள் அங்கே குடியிருந்தீர்களா?" இல்லை என்று சொன்னால் சொந்தக்காரர் என்ற உரிமை ஒன்றும் போய்விடாது. ஆனால் கைக்கு வரும் தொகை, கெடு, வரி எல்லாமே வேறு கணக்காகிவிடும். டிவியிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிற ஆலோசனைகள் பெரும்பாலும் குடியிருந்தவர்களுக்கானவை, அதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான்.

உதாரணத்துக்கு ஃபீமா, அதாவது அமெரிக்க மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பு. அது தரும் நிவாரணத்தில் வீட்டுக்கான உதவி, வருஷத்தில் பெரும்பகுதி நீங்களே வசிக்கிற வீட்டுக்கு மட்டும்தான். வாடகைக்கு விட்ட வீடு, விடுமுறைக்குப் போய்த் தங்கும் வீடு எதற்கும் கிடையாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ அகதி போன்ற சில தகுதிகளோ வேண்டும் என்பதால் எச்-1பி விசாவில் இருப்பவர் அந்த வீட்டிலேயே வசித்திருந்தாலும் தன் பேரில் அதை வாங்க முடியாது. வாடகை வீட்டுச் சொந்தக்காரருக்கு மத்திய அரசிடம் இருக்கும் வாசல் எஸ்.பி.ஏ. (சிறுதொழில்களுக்கான மத்திய அரசு அமைப்பு) தரும் பேரிடர்க் கடன். வாடகைக்கு விடுவது ஒரு தொழில் என்ற கணக்கில் 20 லட்சம் டாலர் வரை கேட்கலாம். அது கடன், மானியம் இல்லை. விடுமுறை வீட்டுக்கு அதுவும் இல்லை.

அடுத்தது தபால். சிரிக்காதீர்கள். கவுண்ட்டி (நம்மூர் மாவட்ட நிர்வாகம் மாதிரி), வரி அலுவலகம், இன்ஷூரன்ஸ் கம்பெனி, எல்லோரும் கடிதம் போடுவது அவர்கள் பதிவேட்டில் இருக்கும் முகவரிக்கு. வாங்கிய காலத்தில் அந்த வீட்டு முகவரியையே கொடுத்துவிட்டு, பில் எல்லாம் ஆன்லைனில் கட்டிக்கொண்டு, அப்புறம் அதை மாற்றாமலே இருந்திருந்தால், முக்கியமான நோட்டீஸ்கள் சாம்பலாகிப்போன ஒரு தபால் பெட்டிக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆகவே தீ அணைந்த வாரமே கவுண்ட்டியின் அசெசர் (சொத்து வரிக்கு மதிப்புப் போடுபவர்) அலுவலகத்தில் முகவரியை மாற்றுங்கள், அஞ்சல் துறையில் ஃபார்வர்டிங் போடுங்கள். கூடவே அங்கேயே இருக்கும் நம்பகமான ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இந்தியாவில் இருந்து பவர் கொடுப்பதானால் நோட்டரி கையெழுத்தோடு வெளியுறவு அமைச்சகத்தின் அபோஸ்டில் (வெளிநாட்டில் பத்திரம் செல்லுவதற்கான சான்று) முத்திரை வாங்கலாம், இல்லை அமெரிக்கத் தூதரகத்திலேயே நோட்டரி செய்துகொள்ளலாம். எது எதற்குப் பவர் என்று பத்திரத்தில் தெளிவாக எழுத வேண்டும். இடிபாடு அகற்றச் சம்மதம் தருவது, இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு பேசுவது, இதெல்லாம் இருக்கட்டும். விற்கும் அதிகாரத்தை அவசரப்பட்டு அதில் சேர்க்க வேண்டாம்.

இடிபாடு விஷயத்தில் கவுண்ட்டிக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள். 2025 தீயில் ராணுவப் பொறியாளர் படை செலவில்லாமல் மனையைச் சுத்தம் செய்து தந்தது. அதற்கு, உள்ளே வர அனுமதி தரும் படிவத்தில் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்ட்டியில் அதற்குக் கடைசித் தேதி 2025 ஏப்ரல் 15. அதையும் கொடுக்காமல், சொந்தச் செலவிலும் சுத்தம் செய்யாமல் விட்டால், கவுண்ட்டி அதைப் பொதுத்தொல்லை என்று அறிவித்துத் தானே அகற்றிவிட்டு, செலவை மனையின் மேல் வில்லங்கமாக ஏற்ற முடியும். இலவசத் திட்டத்திலும் ஒரு நிபந்தனை உண்டு: உங்கள் பாலிசியில் இடிபாடு அகற்ற என்று தனியாகத் தொகை இருந்தால் அதை அரசு கேட்கும்.

சரி, இன்ஷூரன்ஸ். இங்கேதான் எங்களுக்குத் தூக்கம் போனது. தம்பி ஆல்டடீனா வீட்டை வாங்கும்போது எடுத்தது சாதாரண வீட்டு உரிமையாளர் பாலிசி, அதாவது சொந்தக்காரர் அங்கேயே வசிக்கிறார் என்ற அடிப்படையில் எழுதப்படுவது. டல்லாஸ் போனபோது வாடகைக்கு விட்டான், பாலிசி அப்படியே வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டு வந்தது. தீக்குப் பிறகு போன் செய்த அட்ஜஸ்டர் (கம்பெனிக்காக இழப்பை விசாரித்து மதிப்பிடுபவர்) நல்லபடியாகத்தான் பேசியிருக்கிறார். ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குப் போன். "அத்தான், அவர் வீட்டைப் பத்தி ஒண்ணுமே கேக்கல. கடைசியா எப்போ அங்க தங்கினீங்க, மெயில் எங்க வருது, டிரைவர் லைசென்ஸ் எந்த ஸ்டேட், இதையேதான் சுத்திச் சுத்திக் கேக்கறார்."

அந்தக் கேள்விக்குக் காரணம் பாலிசியில் இருக்கிறது. பாதுகாப்பு எந்த வீட்டுக்கு என்று வரையறுக்கும் இடத்தில் 'நீங்கள் வசிக்கும்' என்று எழுதியிருந்தால், வசிக்கவில்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டி முழுக் கிளெய்மையும் மறுக்கப் பார்க்கலாம். சில நாள் கழித்து, "எங்கள் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் விசாரிக்கிறோம்" என்ற தோரணையில் ஒரு கடிதமும் வந்தது. வக்கீல் சொன்ன யோசனைப்படி பழைய மெயில்களைத் தோண்டியதில், வீட்டை வாடகைக்கு விடப்போவதாக ஏஜெண்டுக்கு இவன் எழுதிய மெயிலும், "பார்த்துக்கொள்கிறோம்" என்ற மாதிரி அவர் போட்ட ஒரு வரிப் பதிலும் கிடைத்தன. கம்பெனி அசைந்தது அதற்கப்புறம்தான். ஏஜெண்டிடம் சொன்னதாலேயே பாலிசியில் இல்லாத பாதுகாப்பு முளைத்துவிடாது, கலிஃபோர்னியா நீதிமன்றங்கள் பொதுவாக அதை ஏற்பதில்லை. ஆனால் சொல்லியும் சரியான பாலிசிக்கு மாற்றவில்லை என்றால் கவனக்குறைவுக்காக ஏஜெண்ட் மேலேயே வழக்குப் போடலாம், அந்த வழக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று கம்பெனிக்கும் தெரியும். ஆகவே ஏஜெண்டிடம் போனில் சொன்னதை மெயிலிலும் ஒரு வரி எழுதிவையுங்கள்.

வீடு காலியாகக் கிடந்ததா என்பது இன்னொரு கண்ணி. கலிஃபோர்னியாவின் அடிப்படைத் தீ பாலிசி வாசகத்திலேயே, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், 60 நாளுக்கு மேல் தொடர்ந்து ஆளில்லாமல் கிடந்த கட்டடத்தின் இழப்புக்குப் பொறுப்பில்லை என்று ஒரு விதி இருக்கிறது. உங்கள் பாலிசியில் அது மாற்றப்பட்டிருக்கலாம், படித்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு குடித்தனம் காலி செய்து இன்னொன்று வருவதற்குள் இரண்டு மாதம் ஓடுவது சாதாரணம் என்பதால், கடைசி வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், தண்ணீர் பில் எல்லாவற்றையும் எடுத்துவைப்பது நல்லது. பாலிசி நகலே தொலைந்துவிட்டது என்றால் எழுதிக் கேளுங்கள், 30 நாளுக்குள் முழு நகல் தந்தாக வேண்டும் என்பது சட்டம்.

கெடு இரண்டு விதம். கம்பெனிக்கு உள்ளவை: கிளெய்ம் கிடைத்ததை 15 நாளுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், இழப்புக்கான ஆதாரம் கைக்கு வந்த 40 நாளுக்குள் ஏற்பதா மறுப்பதா என்று சொல்ல வேண்டும், நேரம் போதவில்லை என்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இழுத்தடித்தால் மாநில இன்ஷூரன்ஸ் துறையில் புகார் கொடுக்கலாம், காசு கிடையாது, எந்த ஊரில் இருந்தும் ஆன்லைனில் செய்யலாம். உங்களுக்கு உள்ளது: பாலிசியின் பேரில் வழக்குப் போட சாதாரணமாக 12 மாதம், அவசரநிலை அறிவித்த பேரிடர் என்றால் 24 மாதம். கிளெய்ம் கொடுத்த நாளில் இருந்து கம்பெனி முடிவாக மறுக்கும் நாள் வரை இந்தக் கடிகாரம் நிற்கும் என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1990-இல் சொல்லியிருக்கிறது. அதை நம்பிக்கொண்டு கடைசி வாரம் வரை இருப்பது வேறு விஷயம்.

இன்னொரு நல்ல விஷயம், தொலைவில் இருப்பவர்களுக்கு மிகவும் உதவுவது. பாலிசி புதுக் கட்டுமானச் செலவைத் தரும் வகை என்றால், எரிந்த இடத்திலேயே கட்டினால்தான் முழுப் பணமும் என்று கம்பெனி வற்புறுத்த முடியாது. வேறு இடத்தில் கட்டலாம், கட்டிய வீட்டையே வாங்கலாம், அப்போது புது மனையின் விலையை உங்கள் தொகையில் கழிக்கவும் கூடாது. அவசரநிலையில் இதற்குக் குறைந்தது 36 மாதம், அது முதல் காசோலை கிடைத்த நாளில் இருந்து. அந்தக் காசோலையில் கடன் கொடுத்த வங்கியின் பேரும் சேர்ந்து வரும், அவர்கள் கையெழுத்தில்லாமல் மாற்ற முடியாது. கடன் தவணையும் நிற்காது. வாடகை வரவு போனதற்குப் பாலிசியில் தனிப் பகுதி இருக்கிறதா, எத்தனை மாதம் வரை என்று பாருங்கள். குடியிருந்தவர்களுக்குத் தங்குமிடச் செலவு என்று தரும் தொகை உங்களுக்கு வராது.

இப்போது, தீயை மூட்டியவர் யார் என்ற கேள்வி. கலிஃபோர்னியாவில் பெரிய தீக்களில் பலவற்றின் பின்னால் மின்கம்பிதான். 2018 நவம்பர் 8 அன்று பாரடைஸ் ஊரை அழித்த கேம்ப் தீயில் 85 பேர் இறந்தார்கள், காரணம் பி.ஜி. அண்ட் ஈ நிறுவனத்தின் மிகப் பழைய மின்கோபுரத்தில் தேய்ந்து அறுந்த ஒரு கொக்கி. ஈட்டன் தீக்குச் சதர்ன் கலிஃபோர்னியா எடிசன் என்ற மின்நிறுவனத்தின் சாதனங்களே காரணம் என்று மத்திய அரசின் நீதி இலாகா 2025 செப்டம்பரில் வழக்குப் போட்டது. இந்த மாதிரி வழக்கில் கவனக்குறைவை நிரூபித்தால்தான் பணம் என்பதில்லை. மாநில அரசியல் சாசனத்தின் முதல் பிரிவு, 19-ஆவது உட்பிரிவு, பொதுப் பயனுக்காகத் தனியார் சொத்தைச் சேதப்படுத்தினால் ஈடு தர வேண்டும் என்கிறது. மின்நிறுவனம் தனியாருடையதாக இருந்தாலும் அது பொருந்தும் என்று 1999-இலேயே எடிசன் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. இந்த வழியில் ஜெயித்தால் வக்கீல் செலவையும் எதிர்த்தரப்பு தர வேண்டும். முக்கியமாக, இது சொத்துக்கான உரிமை, ஆகவே சொத்து யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு, அவர் எந்த நாட்டில் இருந்தாலும், என்ன விசாவில் இருந்தாலும்.

வழக்கு போடும் கெடு, மண்ணுக்கும் கட்டடத்துக்கும் ஆன சேதத்துக்கு 3 வருஷம். ஈட்டன் தீக்கு 2028 ஜனவரி தொடக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். எதிர்த்தரப்பு அரசு அமைப்பு என்றால் கதை வேறு. அதே 2025 ஜனவரியில் மூண்ட பாலிசேட்ஸ் தீயில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் தண்ணீர் மின்சாரத் துறை மேல் வழக்குப் போட்டவர்கள் இருக்கிறார்களே, அங்கே வழக்குக்கு முன்னால் அரசுக்கு முறையான கோரிக்கை மனு கொடுத்தாக வேண்டும்: பொருள்களுக்கும் உடல் காயத்துக்கும் 6 மாதம், வீடு மனைக்கு ஒரு வருஷம். அரசியல் சாசன வழியில் போகும் வழக்குக்கு அந்த மனு தேவையில்லை என்று சட்டம் சொன்னாலும், எல்லா வழியையும் திறந்து வைக்க மனுவைக் கொடுத்துவிடுவார்கள் நல்ல வக்கீல்கள்.

3 வருஷம் இருக்கிறதே என்று உட்கார்ந்தவர்களுக்கு என்ன ஆனது என்பதற்கும் கேம்ப் தீதான் பாடம். பி.ஜி. அண்ட் ஈ 2019 ஜனவரியிலேயே திவால் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. உடனே எல்லாக் கோரிக்கையும் அந்த நீதிமன்றத்தின் கையில். தீயில் பாதித்தவர்கள் மனு கொடுக்க அது வைத்த தேதி 2019 அக்டோபர் 21, அப்புறம் டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். சாதாரணச் சட்டப்படி 2021 வரை இருந்த அவகாசம் பதினான்கு மாதத்துக்குள் சுருங்கியது. உள்ளூரில் இருந்தவர்களுக்கு முகாமிலும் தேவாலயத்திலும் யாராவது சொல்லியிருப்பார்கள், வெளியூரில் இருந்தவருக்கு அந்த வசதியும் இல்லை. கிடைத்த 1,350 கோடி டாலர் ஒப்பந்தத்திலும் பாதி ரொக்கம், பாதி கம்பெனிப் பங்கு. இப்படி இன்னொரு தடவை நடக்காமல் இருக்க 2019-இல் மாநிலம் 2,100 கோடி டாலர் காட்டுத்தீ நிதி ஒன்றை அமைத்தது, ஈட்டன் தீக்குப் பிறகு அது போதாது என்ற பயத்தில் 2025 செப்டம்பரில் மேலும் 1,800 கோடிக்கு ஏற்பாடு செய்து சட்டம் போட்டார்கள். இருந்தாலும், மின்நிறுவனத்தின் நிதிநிலைச் செய்தி ஒன்று வந்தால் தாண்டிப் போகாமல் படியுங்கள்.

வழக்குப் போட்டால் எவ்வளவு வரும்? வெளியூர்ச் சொந்தக்காரருக்குக் கசப்பான பகுதி இதுதான். சேதத்தை இரண்டு விதமாக அளக்கலாம்: சொத்தின் சந்தை மதிப்பு எவ்வளவு குறைந்தது, அல்லது பழையபடி ஆக்க எவ்வளவு செலவாகும். பொதுவாக இதில் எது குறைவோ அதுதான். ஆனால் இந்த இடத்தைத் திரும்பக் கட்டுவதற்குச் சொந்தக்காரருக்கு உண்மையான தனிப்பட்ட காரணம் இருந்தால், மதிப்புக் குறைவைத் தாண்டியும் கட்டும் செலவைத் தரலாம் என்று கலிஃபோர்னியா நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. முப்பது வருஷம் அங்கே வாழ்ந்தவருக்கு அது எளிது. மாத வாடகைக்காக வைத்திருந்தவர் எதைச் சொல்வார்? ஓய்வுக்குப் பிறகு அங்கே திரும்ப நினைத்திருந்தால், பையன் பள்ளிக்காகத் திரும்பும் திட்டம் இருந்திருந்தால், அதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். தீக்குப் பிறகு ஜோடித்தது எதிர்வக்கீல் முன்னால் நிற்காது.

மன உளைச்சலுக்கான தொகையும் அப்படித்தான். தீ பரவி வந்த நேரத்தில் வீட்டில் இல்லாத குடியிருப்பாளருக்கும் அது உண்டு என்று 2017-இல், சான் டியேகோ பக்கத்து ஒரு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அங்கேயே வசிக்காத சொந்தக்காரருக்கு அது வராது என்ற பக்கம்தான் 2009-இன் இன்னொரு தீர்ப்பு சாய்கிறது. மரங்களும் உண்டு: எரிந்த மரத்துக்கு இரண்டு மடங்கு மூன்று மடங்கு ஈடு கிடைக்கும் என்று யாராவது சொன்னால், கவனக்குறைவால் பரவிய தீக்கு அது பொருந்தாது என்று 2020-இல் மாநில உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது.

இதனாலேயே எடிசன் 2025 அக்டோபரில் தொடங்கிய நேரடி இழப்பீட்டுத் திட்டத்தை வெளியூர்க்காரர்கள் எடுத்த எடுப்பிலேயே ஒதுக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். பணத்தை ஏற்றுக்கொண்டால் வழக்குப் போடும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும், அது நிஜம். ஆனால் வழக்கில் பெரிய தொகை வருவது பெரும்பாலும் வாழ்ந்தவர்களின் வேதனைக்கு. உங்களுக்கு அந்தப் பகுதியே பலவீனம் என்றால், வக்கீலுக்குச் சதவீதமும் போய், பல வருஷம் காத்திருந்து கிடைப்பதையும் இப்போது தருவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் தந்த பணம் இரண்டிலுமே கழியும். கையெழுத்துப் போடும் முன் சதவீதத்தில் வேலை செய்யாத ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்துக் கேளுங்கள்.

குடித்தனக்காரரை மறந்துவிடாதீர்கள். வீடு முழுசாகப் போனால் வாடகை ஒப்பந்தம் சட்டப்படி அங்கேயே முடிந்தது. முன்பணத்தை 21 நாளுக்குள் கணக்கோடு திருப்பித் தர வேண்டும், தீக்குப் பிந்தைய நாள்களுக்கு வாங்கிய வாடகையையும் சேர்த்து. வீடு நின்று, புகையும் சாம்பலும் மட்டும் என்றால் ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது, வசிக்கத் தகுந்ததாக்கும் பொறுப்பு உங்களுடையது. வேறு வீடு வைத்திருப்பவர்கள் அவசரநிலையில் வாடகையைப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் அது குற்றம், தண்டனைச் சட்டம் 396-ஆவது பிரிவு.

வரி. சொத்து வரிக்கு: சேதம் 10,000 டாலருக்கு மேல் என்றால் 12 மாதத்துக்குள் அசெசரிடம் மனு கொடுத்து மதிப்பைக் குறைக்கலாம், அதே அளவில் திரும்பக் கட்டினால் பழைய அடிப்படை மதிப்பும் தொடரும். வருமான வரியில்தான் வெடி இருக்கிறது. ஒரு உதாரணம்: கட்டடத்துக்கு 3 லட்சம் டாலர் கணக்கு, வருஷா வருஷம் தேய்மானம் எழுதி 2 லட்சத்துக்கு வந்திருக்கிறது, இன்ஷூரன்ஸ் 6 லட்சம் தருகிறது. வீடு எரிந்தவனுக்கு 4 லட்சம் லாபம் என்று வரித்துறை பார்க்கும். அந்தப் பணத்தை அதே மாதிரிச் சொத்தில் போட்டால் வரியைத் தள்ளிப்போடலாம், மத்திய வருமான வரிச் சட்டத்தின் 1033-ஆவது பிரிவு. அறிவித்த பேரிடரில் வசித்த வீட்டுக்கு 4 வருஷம் அவகாசம், வாடகை வீட்டுக்கு 2 வருஷம்தான், லாபம் முதலில் கைக்கு வந்த வருஷத்தின் முடிவில் இருந்து. 2025-இல் வந்திருந்தால் 2027 டிசம்பர் 31. இன்ஷூரன்ஸ் சட்டம் கட்ட 36 மாதம் தருகிறதே என்று இருந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். தம்பி இப்போது கட்டுவதா, டெக்சஸிலேயே ஒரு வாடகை வீடு வாங்குவதா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது இந்தத் தேதியை வைத்துத்தான்.

கடைசியாக, மனையை அப்படியே விற்றுவிடலாம் என்று தோன்றினால். தீ அணைவதற்குள் அடிமாட்டு விலைக்குக் கேட்டுப் போன் வரும். 2025 ஜனவரி 14 அன்று ஆளுநர் நியூசம், பாதித்த பகுதிகளில் கேட்காமல் வந்து குறைத்துக் கேட்பதை மூன்று மாதத்துக்குத் தடை செய்து ஆணையே போட்டார், அவ்வளவு தொல்லை. விற்கும் ஒப்பந்தத்தில் இரண்டு இடத்தைப் பாருங்கள். தீ வைத்தவர் மேல் உங்களுக்கு உள்ள நஷ்டஈட்டு உரிமை மனையோடு தானாகப் போகாது, ஆனால் ஒப்பந்தத்தின் உள்ளே எங்காவது "எல்லாக் கோரிக்கைகளையும் வாங்குபவருக்கு மாற்றித் தருகிறேன்" என்று இருந்தால் போய்விடும். இன்ஷூரன்ஸ் பாக்கியையும் அதே வரியில் சேர்த்திருப்பார்கள். அந்த வரியை அடித்துவிட்டு, உரிமை விற்பவரிடமே இருக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று வரிப் பிடித்தம். கலிஃபோர்னியா, விற்ற விலையில் மூன்றேகால் சதவீதத்துக்குச் சற்று மேல் பிடிக்கும். நீங்கள் இந்தியாவுக்கே திரும்பி, அமெரிக்க வரிக்கு வெளிநாட்டவர் ஆகிவிட்டீர்கள் என்றால் மத்திய அரசுக்காக வாங்குபவர் இன்னொரு 15 சதவீதம் பிடித்தாக வேண்டும், அது லாபத்தில் இல்லை, முழு விலையில். குறைக்கச் சொல்லி வரித்துறைக்கு விண்ணப்பிக்கலாம், அதைப் பத்திரம் முடியும் நாளுக்குள் அனுப்பியிருக்க வேண்டும்.